பழைய மரச்சாமானுக்குப் புது மெருகு: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் கிடக்கும் பழைய இழுப்பறை மேசையையும் நிலைக்கண்ணாடி மேசையையும் குறைந்த செலவில் புதுப்பிப்பது பற்றிய கடிதங்களே இந்த முறை மிகுதியாக வந்திருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதி மற்றவற்றை ஒதுக்க மனம் வராததால், பகுதி முழுவதையும் இந்த ஒரே பொருளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: என் மாமியாருக்குச் சீராக வந்த தேக்கு மர டிரெஸ்ஸிங் டேபிள் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேலாகிறது. மெருகு கறுத்துவிட்டது, மேற்பலகையில் டம்ளர் வைத்த வளையங்கள் பதிந்திருக்கின்றன, நான்கு இழுப்பறைகளில் இரண்டு இழுக்க வரவில்லை. பெரிய கடைகளில் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று விலை சொல்லும் சாமான்களைப்போல, வெள்ளை எனாமல் அடித்துத் தங்க நிறக் கைப்பிடிகள் பொருத்தலாம் என்று இருக்கிறேன். 5,000 ரூபாய்க்குள் முடியுமா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: 5,000 ரூபாய்க்குள் முடியும். ஆனால் வெள்ளை எனாமலை மட்டும் தயவுசெய்து அடிக்காதீர்கள். விலையுயர்ந்த சாமான் என்று நம் கண் எதைப் பார்த்து முடிவு செய்கிறது என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். பலகையின் பரப்பில் மேடு பள்ளம் இல்லை. இழுப்பறை ஒரு விரலால் இழுத்தாலே ஓசையின்றி வெளியே வருகிறது. இழுப்பறைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிகள் எல்லாம் ஒரே அளவாக இருக்கின்றன. மெருகின் பளபளப்பு ஓர் இடத்தில் கூடியும் ஓர் இடத்தில் குறைந்தும் தெரிவதில்லை. இவற்றில் எதையும் வண்ணம் தந்துவிடாது. இவையெல்லாம் வண்ணத்துக்கு முன்பு செய்யும் வேலையிலிருந்து வருகின்றன, அந்த வேலைக்குப் பணத்தைவிடப் பொறுமையே அதிகம் தேவைப்படுகிறது. அதோடு, கடைக்காரர் ஐம்பதாயிரம் கேட்பதே உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற அந்தத் தேக்குக்காகத்தான்.

முதலில் அது முழுத் தேக்குதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் இழுப்பறையை வெளியே எடுத்து, அடிப்பக்கத்திலோ பின்பக்கத்திலோ உள்ளங்கை அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்தால், பொன்னும் பழுப்பும் கலந்த நிறமும், லேசான எண்ணெய்ப் பிசுக்கும், தோல் பையை நினைவூட்டும் ஒரு மணமும் தெரியவரும். மேற்பலகையின் ரேகை விளிம்பைத் தாண்டிக் குறுக்குவெட்டுப் பக்கத்திலும் தொடர்ந்து இறங்கினால் அது முழுப் பலகை. விளிம்போடு ரேகை நின்றுவிட்டால் மேலே ஒட்டியிருப்பது மெல்லிய வெனீர் என்று பொருள். அதன் மேல் இயந்திரத்தால் தேய்த்தால் சில நொடிகளில் உள்ளிருக்கும் மட்டமான மரம் தெரிந்துவிடும் என்பதால், கையால்தான் மெதுவாகத் தேய்க்க வேண்டும்.

மரம் உளுத்திருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. குண்டூசித் தலையளவு துளைகள் இருந்தால் அவை பழையவையாகவும் இருக்கலாம், வண்டு இன்னும் உள்ளேயும் இருக்கலாம். மேசைக்கு அடியில் செய்தித்தாளை விரித்து மூன்று நான்கு வாரங்கள் விட்டுவைத்துப் பாருங்கள். மாவுபோன்ற புதிய தூள் விழுந்தால் பூச்சிக்கு மருந்து வைத்த பிறகே மற்ற வேலையைத் தொடங்க வேண்டும்.

இழுப்பறைகளின் சிக்கலை அடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இழுப்பறை எந்தக் கட்டத்துக்கு உரியது என்று பின்பக்கத்தில் பென்சிலால் எண் எழுதிய பிறகே வெளியே எடுக்க வேண்டும். பழைய தச்சர்கள் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்துக்கு இழைத்துச் செய்தார்கள் என்பதால் மாற்றிப் போட்டால் ஒன்றும் சரியாக உட்காராது. மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து மரம் அகலவாட்டில் உப்புவது இயல்பு. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் இறுகிய இழுப்பறையை இழைப்புளியால் சீவிவிட்டால் பங்குனியில் அது தொளதொளவென்று ஆடும். வெயில் காலம் வரை காத்திருந்து, அப்போதும் இறுகினால் மட்டும் சீவ வேண்டும். பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. ஓடும் விளிம்புகளில் சாதாரண மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்தாலே போதும். பல ஆண்டுகள் இழுத்ததில் அடிவிளிம்பு தேய்ந்து இழுப்பறை முன்பக்கம் சாய்ந்திருந்தால், தேய்ந்த அளவுக்கு மெல்லிய மரப்பட்டி ஒன்றைப் பசையால் ஒட்டி, ஒருநாள் முழுவதும் இறுக்கிக் கட்டிவைத்துவிடுங்கள். தேக்கிலுள்ள எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது என்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன்பு அந்த இடத்தைத் தின்னர் தோய்த்த துணியால் துடைப்பது அவசியம்.

இனி, தேய்க்கும் வேலை. 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 180, 220 என்று ஏறி 320இல் முடிக்க வேண்டும். தாளை விரல்களால் பிடித்துத் தேய்த்தால் விரல் அழுந்தும் இடமெல்லாம் பள்ளமாகும். தட்டையான ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, ரேகை ஓடும் திசையில் மட்டுமே தேய்க்க வேண்டும். குறுக்கே விழுந்த கீறல் அப்போது கண்ணில் படாது. மெருகு ஏறியதும் முதலில் தெரிவது அதுதான். ஒவ்வொரு எண் முடிந்ததும் அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைப் பலகைக்குப் படுக்கைவாட்டில் பிடித்துப் பாருங்கள். பகல் வெளிச்சம் காட்டாத குறைகளையெல்லாம் அந்தச் சாய்ந்த வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். நாள் கணக்கில் நேரம் எடுக்கும் இந்த வேலையைக் குறுக்கிவிட்டுப் பின்னால் எவ்வளவு விலையுயர்ந்த மெருகைப் பூசினாலும் பயனில்லை.

டம்ளர் வளையங்களில் வெள்ளையானவை மெருகுக்குள் சிக்கிய ஈரமே ஆகையால் தேய்க்கும்போது போய்விடும். கறுப்பு வளையங்கள் மரத்துக்குள் இறங்கியவை. இரும்பும் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் சேர்ந்து உண்டாக்கும் கறை அது. ஆக்சாலிக் அமிலத் தூளை வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் தடவினால் வெளுக்கும். அது நஞ்சு; கையுறை போட்டுக்கொண்டு, குழந்தைகள் இல்லாத நேரத்தில் தடவி, பிறகு நல்ல நீரால் இரண்டு மூன்று முறை துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும்.

மெருகுக்கு, உங்கள் மேசை பிறந்த காலத்துக்கு உரிய பிரெஞ்சு பாலிஷையே நான் சொல்வேன். அதன் மூலப்பொருள் நம் நாட்டு அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களில் அரக்குப் பூச்சி சுரப்பதை உருக்கி, அவல்போல மெல்லிய தகடாக்கி விற்கிறார்கள். அவலரக்கு என்ற பெயர் அதனால் வந்தது. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 200 முதல் 250 கிராம் வரை போட்டு ஓர் இரவு ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். பஞ்சைப் பழைய பருத்தி வேட்டித் துணியில் பொதிந்து, அதில் தோய்த்து, மிக மெல்லிய பூச்சுகளாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். நான்கு பூச்சுக்கு ஒருமுறை தேய்ந்த உப்புத்தாளால் லேசாக வருடிவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு பூச்சுகளில் மரத்தின் உள்ளிருந்து வெளிச்சம் வருவதுபோன்ற ஓர் ஆழம் கிடைக்கும். மழை நாளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, மெருகு பாலாடைபோல் வெளுத்துவிடும். ஓர் அடைமழை வாரத்தில் அவசரப்பட்டு என் தாத்தாவின் எழுதுமேசையை நான் அப்படிக் கெடுத்தேன். வெயில் வந்த பிறகு ஸ்பிரிட் துணியால் துடைத்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

பிரெஞ்சு பாலிஷுக்கு ஒரு பலவீனம் உண்டு, உங்கள் மேசையைப் பொறுத்தவரை அது முக்கியமானது. ஸ்பிரிட்டில் கரைந்தது மறுபடியும் ஸ்பிரிட்டில் கரையும். வாசனைத் திரவியமும் கைகழுவும் சானிட்டைசரும் சிந்தினால் மெருகு உருகிக் கறையாகும். எனவே மேற்பலகைக்கு மட்டும் அளவெடுத்து ஒரு கண்ணாடிப் பலகை வெட்டி, அடியில் சிறிய ரப்பர் பொட்டுகள் வைத்துப் போட்டுவிடுங்கள். மெருகுச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து உங்கள் தொகையில் பாதிகூட ஆகாது என்பதால், கண்ணாடிக்கும் கைப்பிடிக்கும் பணம் மீதமிருக்கும்.

தங்க நிறக் கைப்பிடி வாங்குவதற்கு முன், இப்போது இருக்கும் கைப்பிடிகளைக் கழற்றிப் புளிக்கரைசலில் அரைமணி நேரம் ஊறவைத்துத் தேய்த்துப் பாருங்கள். அந்தக் காலத்துச் சாமான் என்பதால் கறுப்புக்கு அடியில் நல்ல பித்தளை இருக்க வாய்ப்பு மிகுதி. ஒன்றிரண்டு காணாமல்போயிருந்தால் கவலைப்பட வேண்டாம். குத்துவிளக்குக்குப் பெயர்பெற்ற நாச்சியார்கோயில் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எஞ்சியிருக்கும் கைப்பிடியை மாதிரியாகக் கொடுத்து, அதுபோலவே வார்த்துத் தர முடியுமா என்று அங்குள்ள பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய இழுப்பறை அலமாரி, துகள் பலகையின் மேல் மைக்கா ஒட்டியது. விளிம்புகள் பெயர்கின்றன. இதையும் உயர்ந்த சாமான்போல மாற்ற முடியுமா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஓரளவுக்கு முடியும். ஆனால் அதற்குச் செய்யும் செலவுக்கு ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பட்டு உப்பிய துகள் பலகை பழைய அளவுக்குத் திரும்பவே திரும்பாது. எத்தனை பட்டி போட்டுத் தேய்த்தாலும் அடுத்த ஈரத்தில் மறுபடி உப்பும். கால்களும் அடிப்பலகையும் உப்பியிருந்தால், நேர்மையாகச் சொல்கிறேன், அதில் பணம் போட வேண்டாம்.

பலகை திடமாக இருந்து விளிம்பு மட்டும் பெயர்ந்திருந்தால், விளிம்புப் பட்டையை வாங்கி ஒட்டிவிட்டு வண்ணம் அடிக்கலாம். மைக்காவின் மேல் எந்த வண்ணமும் நேராகப் பிடிக்காது. சோப்பு நீரால் கழுவி எண்ணெய்ப் பசையைப் போக்கி, 220 எண் தாளால் பளபளப்பு முழுவதும் மங்கும்வரை தேய்த்து, வழவழப்பான பரப்பில் ஒட்டுவதற்கென்றே விற்கும் பிரைமரைப் பூச வேண்டும். பின்பக்கத்தில் சிறிய இடத்தில் பூசி, மூன்று நாள் கழித்து நகத்தால் சுரண்டிப் பார்த்து, உரியாமலிருந்தால் மட்டும் மற்ற இடங்களுக்குப் போங்கள்.

பளபளக்கும் வண்ணத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பளபளப்பு சிறு பள்ளத்தையும் கண்ணாடிபோலக் காட்டும். மங்கலான சாட்டின் மெருகு அதை மறைக்கும். வெள்ளைதான் வேண்டுமென்றால் நீரில் கரையும் வகையை வாங்குங்கள், எண்ணெய் எனாமல் வெள்ளை சில ஆண்டுகளிலேயே மஞ்சள் பாரிக்கும். அடர்ந்த பச்சையோ கருநீலமோ உங்கள் அலமாரிக்கு இன்னும் பொருந்தும் என்பது என் எண்ணம். சிறிய பஞ்சு உருளையால் மூன்று மெல்லிய பூச்சுகள் கொடுங்கள். மேலே தொட்டால் ஒட்டாவிட்டாலும் வண்ணம் உள்ளுக்குள் இறுக மூன்று நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை கனமான பொருள் எதையும் அதன் மேல் வைக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் அம்மம்மாவின் அலுமாரி முதிரை மரத்தில் செய்தது, கீழே நான்கு லாச்சிகள் (இழுப்பறைகள்) உள்ளன. யாரோ பச்சை, கிறீம் என்று பல முறை பெயின்ற் பூசிவிட்டார்கள். அதை நீக்கி மரத்தை வெளியே கொண்டுவர விரும்புகிறோம். வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறது. (ஒரு வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: பிள்ளையைப் பற்றி எழுதியதற்கு நன்றி, ஏனென்றால் என் பதில் அதிலிருந்தே தொடங்குகிறது. பழைய எனாமல் வண்ணங்களில் ஈயம் கலந்திருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தை பத்து லட்சத்துக்கு 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதியே 2016இல்தான் வந்தது, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதைப் பார்த்தால், அம்மம்மா காலத்து வண்ணம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஈயத் தூள் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. ஆகவே உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், தீப்பிழம்பு காட்டி எரித்து உரிப்பதும் கூடவே கூடாது.

அலுமாரியை வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான கொட்டகைக்குக் கொண்டுபோய், தரையில் தடித்த பிளாஸ்ரிக் விரிப்பைப் பரப்புங்கள். கூழ்போன்ற வண்ண நீக்கியைத் தடிப்பாகத் தடவி, வண்ணம் குமிழ்விட்டு எழுந்ததும் மழுங்கிய தகட்டால் ஈரத்தோடேயே வழித்தெடுங்கள். வழித்ததையெல்லாம் விரிப்போடு சுருட்டிக் கட்டிவிட வேண்டும், கிணற்றடியிலோ தோட்டத்திலோ கொட்டக் கூடாது. வேலை செய்த உடுப்பைத் தனியாகத் துவைத்து, குளித்த பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். இதற்கு ஆள் வைத்துச் செய்ய வசதி இருந்தால் அதுவே மேலானது.

வண்ணம் நீங்கிய பிறகு முதிரையைத் தேய்க்கும்போதும் முகக்கவசமும் கையுறையும் கழற்றாதீர்கள். அந்த மரத்தூள் பலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். அதற்குப் பிறகு காணப்போகும் பொன்மஞ்சள் நிறமும், நடந்து பார்க்கும் திசைக்கு ஏற்ப மாறும் பட்டுப்போன்ற மினுக்கமும் இந்தப் பாடுகளுக்கெல்லாம் தகுந்தவை. நிறச்சாயம் எதையும் ஏற்றாமல் நிறமற்ற மெருகை மட்டும் பூசுங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசுவதாக இருந்தால், துடைத்த துணிகளை ஒருபோதும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெளிவிடும் சூடு குவியலுக்குள் அடைபட்டுத் தானாகவே தீப்பற்றும். துணிகளை ஒவ்வொன்றாக விரித்து வெளியில் காயவிடுங்கள், அல்லது நீரில் ஊறவிடுங்கள்.

கேள்வி: புதிய கைப்பிடிகளை வாங்கிவந்தேன், பழைய துளைகளோடு அவை பொருந்தவில்லை. என்ன செய்வது? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: கைப்பிடியின் இரு திருகுகளுக்கு நடுவிலுள்ள தூரம் இப்போது 64, 96, 128, 160 மில்லிமீட்டர் என்ற அளவுகளிலேயே பெரும்பாலும் வருகிறது, பழையவை அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. துளை மையத்திலிருந்து மையம்வரை அளந்துகொண்டு கடைக்குப் போவதே எளிய வழி. மாற்றித் தர மறுத்தால், பழைய துளையில் அதே மரத்தில் சீவிய குச்சியைப் பசை தடவி அடித்து, காய்ந்ததும் சமமாகச் சீவிவிட்டுப் புதிதாகத் துளையிடுங்கள். வண்ணம் அடிக்கப்போகிற சாமானுக்கு மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தாலே போதும். பழைய வேலைப்பாட்டில் விருப்பம் இருந்தால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில் ஒருமுறை தேடிப் பாருங்கள். இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்த பித்தளைக் குமிழ்களும் வளையங்களும் அங்கே கிடைக்கும்.

கேள்வி: பாட்டி வீட்டு நிலைக்கண்ணாடியில் கறுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. பின்பக்கத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ரசம் பூசலாமா? (ஒரு வாசகி, தேவகோட்டை)

பதில்: சுரண்டாதீர்கள். கண்ணாடிக்கு வெள்ளி ஏற்றும் முறையை லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1835இல் கண்டறிந்த பிறகும், வெள்ளீயத்தோடு பாதரசம் சேர்த்துப் பூசும் பழைய முறை நெடுங்காலம் தொடர்ந்தது. மிகப் பழைய கண்ணாடியின் பின்னால் பாதரசம் இருக்கலாம். விளிம்பில் சரிவாகப் பட்டை தீட்டிய பழைய கண்ணாடி புள்ளிகளோடும் அழகுதான் என்பது என் கருத்து. சட்டத்தை மட்டும் மெருகேற்றிச் சுவரில் மாட்டிவிடுங்கள். முகம் பார்க்கத் தெளிவு வேண்டுமென்றால், அந்தக் கண்ணாடியைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு அதே அளவில் புதியதை வெட்டிப் பொருத்தலாம்.

கேள்வி: ஐந்து இழுப்பறைகள் கொண்ட எங்கள் அலமாரிக்கு உயரமான, மெலிந்த கால்கள் பொருத்தினேன். பார்க்க மிக நன்றாக இருக்கிறது. ஆனால் மேல் இழுப்பறையைத் திறக்கும்போது லேசாக முன்னால் சாய்வதுபோல் தோன்றுகிறது. (ஒரு வாசகர், மதுரை)

பதில்: தோன்றவில்லை, உண்மையிலேயே சாய்கிறது. கால் உயரும்போது பாரத்தின் மையமும் மேலே ஏறுகிறது. இரண்டு மூன்று இழுப்பறைகளை ஒரே நேரத்தில் திறந்தால் பாரம் முன்னால் நகர்ந்து, காலடிக்கு வெளியே போய்விடும். இழுப்பறைகளைப் படிக்கட்டாக்கி ஏறும் குழந்தைக்கு இது உயிராபத்து. இழுப்பறை அலமாரிகள் சாய்ந்து குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, 2016 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் ஐக்கியா நிறுவனம் ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது.

நீங்கள் பொருத்திய கால்களைக் கழற்ற வேண்டியதில்லை. முன்கால்கள் இரண்டும் அலமாரியின் முன்விளிம்பை ஒட்டியே நிற்கும்படி நகர்த்துங்கள். கனமான துணிகளைக் கீழ் இழுப்பறைகளில் வையுங்கள். பின்பக்கத்தின் மேல் சட்டத்தில், மெல்லிய பின்பலகையில் அல்லாமல் கெட்டியான மரத்தில், இரண்டு இரும்பு எல் தகடுகளைத் திருகி, சுவரில் துளையிட்டு, திருகைப் பிடித்துக்கொள்ளும் ராவல் பிளக் என்ற உறையை வைத்து இறுக்குங்கள். இந்த வாரமே செய்துவிடுங்கள். அதுவரை மேல் இரண்டு இழுப்பறைகளையும் காலியாக வைத்து, குழந்தைகள் அந்த அறையில் தனியாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.